கத்தி என்னுடையது, குத்தியது நண்பர்: வழக்கு யார் மேல்?

கேள்வி: நான் எலெக்ட்ரீசியன். வயர் சீவுவதற்காக மூன்று அங்குல மடக்குக் கத்தி ஒன்று எப்போதும் பையில் இருக்கும். கைப்பிடியில் என் பெயரின் முதலெழுத்தைப் பொறித்திருக்கிறேன். போன வாரம் கூட வேலை பார்க்கும் நண்பர், பார்சல் கயிறு அறுக்க வேண்டும் என்று டீக்கடையில் வைத்து அதை வாங்கிப் போனார். கோபக்காரர்தான், ஆனால் அன்று சாதாரணமாகவே இருந்தார். இரவு டாஸ்மாக் வாசலில் தகராறாகி, அந்தக் கத்தியால் ஒருவரைக் கையில் குத்திவிட்டார். மறுநாள் காலை கத்தியைக் கழுவி என்னிடமே கொடுத்தார். நடந்தது எனக்கு மதியம்தான் தெரியும். அவரைக் கைது செய்துவிட்டார்கள். என்னையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி போன் வருகிறது. "கத்தியைக் குளத்தில் எறிந்துவிட்டு, தொலைந்துபோச்சு என்று சொல்" என்கிறார்கள் வீட்டில். என்ன செய்வது?
- திண்டுக்கல் மாவட்ட வாசகர்

பதில்: முதலில், குளத்துப் பக்கம் போகாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இன்றைக்கு நீங்கள் சாட்சி. கத்தியை எறிந்தால், பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 238-இன்படி தடயத்தை மறைத்த எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், ஆகிவிடுவீர்கள். குற்றவாளியைக் காப்பாற்றப் பொய்த் தகவல் தருவதும் அதே பிரிவுக்குள்தான் வரும். அதனால் "தொலைந்துபோச்சு" என்று சொல்வதும் தப்பிக்கும் வழி இல்லை.

இனி, கத்தி கொடுத்தது குற்றமா என்ற கேள்வி. கத்தி யாருடையது என்பதைச் சட்டம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கொடுத்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது, எதற்காகக் கொடுத்தீர்கள் என்றுதான் பார்க்கும். பிரிவு 45 குற்ற உடந்தையை மூன்றாகச் சொல்கிறது: தூண்டுதல், கூட்டுச் சதி, வேண்டுமென்றே உதவுதல். உங்களைச் சேர்ப்பதென்றால் மூன்றாவதில்தான் சேர்க்க வேண்டும். அதற்கு, குற்றம் நடக்க உதவும் நோக்கத்துடன் கத்தியைக் கொடுத்தீர்கள் என்று அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும். கயிறு அறுக்கக் கேட்டவருக்குக் கொடுத்ததில் அந்த நோக்கம் கிடையாது. அவர் கோபக்காரர் என்று ஊருக்கே தெரிந்திருந்தாலும், குணம் தெரிவது வேறு, திட்டம் தெரிவது வேறு.

அதே நண்பர் "அவனை இன்னைக்கு விடமாட்டேன், கத்தியைக் கொடு" என்று கேட்டு நீங்கள் கொடுத்திருந்தால் கதை தலைகீழ். பிரிவு 49-இன்படி குத்தியவருக்கு என்ன தண்டனையோ அதுவே உங்களுக்கும். கொடுத்துவிட்டு அந்த இடத்திலேயே நின்றிருந்தால் பிரிவு 54-இன்படி நீங்களே குத்தியதாகக் கருதப்படும். "சும்மா மிரட்டத்தான் கேட்டான் சார்" என்று பலர் சொல்வதுண்டு. அதுவும் கரை சேர்க்காது. மிரட்ட என்று தெரிந்தே கொடுத்த கத்தி குத்தில் போய் முடிந்தால், அது எதிர்பார்க்கக்கூடிய விளைவுதானே என்று பிரிவு 51-ஐக் காட்டுவார்கள்.

ஆகவே உங்கள் பாதுகாப்பு அந்த டீக்கடை நிமிடத்தில் இருக்கிறது. நேரம் என்ன, யார் கூட இருந்தார்கள், எந்த வார்த்தையில் கேட்டார், பார்சல் யாருடையது என்பதையெல்லாம் இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். டீக்கு ஜிபேயில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவை எடுத்து வையுங்கள். கடையில் கேமரா இருந்தால் காட்சியை அழியாமல் வைக்கச் சொல்லிக் கடைக்காரருக்கு எழுதிக் கொடுங்கள். நாள் போனால் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். நண்பருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலில் ஒரு வரியைக்கூட அழிக்காதீர்கள், சங்கடமானதாக இருந்தாலும்.

கத்தியை மறுபடி கழுவவோ துடைக்கவோ வேண்டாம், திறந்து மடக்கிப் பார்க்கவும் வேண்டாம். மேலே கழுவியிருந்தாலும் மடிப்பில் ரத்தம் தங்கியிருக்கலாம், தடய அறிவியல் துறை அதைத் தேடும். காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தேங்கித் தடயம் கெடும். வழக்கறிஞர் ஒருவருடன் போய் விசாரணை அதிகாரியிடம் நீங்களாகவே ஒப்படையுங்கள். மகஜர் (கைப்பற்றியதைப் பதியும் ஆவணம்) போட்டுத்தான் வாங்க வேண்டும், கைப்பற்றுவதை வீடியோவில் பதிய வேண்டும் (குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 105). கத்தியின் நீளம், முதலெழுத்து, ஒப்படைத்த நாள், நேரம், நீங்களே முன்வந்து கொடுத்தது எல்லாம் மகஜரில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து. நகலும் கேளுங்கள்.

போனில் கூப்பிட்டால் போக வேண்டுமா? எழுத்தில் கேளுங்கள். அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 179-இன்படி நோட்டீஸ் வந்தால் உங்களைச் சாட்சியாக அழைக்கிறார்கள். 35(3) என்று இருந்தால் சந்தேகப்படுகிறார்கள் என்று பொருள். வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள், ஆனால் போகாமலும் இருக்காதீர்கள். 35(3) நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு ஆஜராகிறவரைக் கைது செய்வதென்றால் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். 35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

விசாரணையில் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். "அவன் அப்படிச் செய்வான்னு நினைச்சேன்" என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால், இல்லாத முன்னறிவை நீங்களே உண்டாக்கிக் கொடுத்ததாகிவிடும். போலீஸ் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போடத் தேவையில்லை (நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 181). வெற்றுத் தாளில் ஒருபோதும் கூடாது.

முதல் தகவல் அறிக்கையைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். நம்மூர்த் தகராறு வழக்குகளில் ஆபாசப் பேச்சு, ஆயுதத்தால் காயம், கொலை மிரட்டல் என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 324, 506(2) பிரிவுகளில் முன்பு வரிசையாக விழுந்தவை இப்போது நியாய சன்ஹிதாவின் 296(பி), 118(1), 351(3) என்று விழுகின்றன. எண் மாறியதே தவிர பழக்கம் மாறவில்லை. இவற்றோடு 118(2), 109 இருக்கிறதா என்றுதான் நீங்கள் பார்க்க வேண்டும். எலும்பு முறிந்தாலோ, 15 நாள் கடும் வலியோடு அவதிப்பட்டாலோ கொடுங்காயம். அப்போது 118(2) வரும், குறைந்தது ஓராண்டு சிறை. 109 கொலை முயற்சி. இவற்றில் எதிலாவது உங்கள் பெயர் சேர்ந்திருந்தால் தாமதிக்காமல் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 482-இன்படி முன்ஜாமீன் மனு போட வேண்டும், மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலோ.

நண்பர் ஸ்டேஷனில் "தெரிந்துதான் கொடுத்தான்" என்று சொல்லிவிட்டால்? போலீஸிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து உங்களைத் தண்டிக்க முடியாது (சாட்சியச் சட்டமான சாக்ஷிய அதினியம், பிரிவு 23). ஆனால் அதை வைத்து உங்களை இரண்டாம் எதிரியாகச் சேர்க்கப் பார்ப்பார்கள். அதனால்தான் அந்த டீக்கடை ஆதாரங்களுக்கு இவ்வளவு அவசரம்.

கத்தி வைத்திருந்ததே குற்றம் என்று யாராவது பயமுறுத்தினால் கலங்க வேண்டாம். ஆயுத விதிகள் 2016-இன் பட்டியலில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள்தான். அதிலும் வீடு, விவசாயம், தொழிலுக்கென்றே செய்தவைக்கு விலக்கு உண்டு.

கத்தி திரும்பக் கிடைக்குமா? இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது சான்றுப் பொருளாக நீதிமன்றத்துக்குப் போகும். உங்களுக்குச் சம்மன் வரும். கூண்டில் ஏறி, "இது என் கத்திதான், கயிறு அறுக்கக் கொடுத்தேன்" என்று அடையாளம் காட்ட வேண்டியிருக்கும். நண்பருக்காக அங்கே மாற்றிச் சொன்னால் பிறழ் சாட்சி ஆவீர்கள், பொய்ச் சாட்சி வழக்கும் தொடரலாம். தீர்ப்பில் பெரும்பாலும் மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் ஆயுதத்தை அழிக்கச் சொல்லி உத்தரவிடுவார்கள்.