அக்காகிட்ட கேளுங்க: சீரியல் முடிஞ்சா சிநேகிதமும் முடிஞ்சிருமா?

கேள்வி: அக்கா, எனக்கு ஊரு திருப்பாதிரிப்புலியூர், பாண்டியில ஒரு ஜவுளிக்கடையில பில்லு போடுறேன். தினமும் காலையில 8 மணி பஸ்ஸு. அந்த பஸ்ஸுல தான் மூணு பேரு பழக்கமானாங்க, எல்லாம் எதிர்நீச்சல் சீரியலால. ஒரு நாள் முன் சீட்டு அக்கா யார்கிட்டயோ போன்ல "நேத்து ஈஸ்வரி கேட்டா பாரு ஒரு கேள்வி"ன்னு சொல்லிட்டு இருந்தாங்க, நான் சும்மா இருக்க முடியாம பின்னாடி இருந்து "அது கேள்வியாக்கா, சாட்டையடி"ன்னுட்டேன், அங்க ஆரம்பிச்சது. ராத்திரி பாக்குறது, காலையில பஸ்ஸு ஆல்பேட்டை தாண்டுறதுக்குள்ள பேச ஆரம்பிச்சா முதலியார்பேட்டை வரைக்கும் வாய் ஓயாது. ஒரு தடவை கிருமாம்பாக்கம் கிட்ட அந்த அக்கா கதை சொல்றத பாதியில நிறுத்திட்டு, "எங்க வீட்டுலயும் சம்பளத்த மாமியார் கையில தான் குடுக்கணும், பஸ்ஸுக்கு தினமும் கேட்டு வாங்கிட்டு வரேன்"னு சொன்னாங்க. தவளக்குப்பம் வரைக்கும் யாரும் பேசல. 2024 ஜூன்ல சீரியல் முடிஞ்சிருச்சு. டிசம்பர்ல ரெண்டாவது பாகம் வந்துச்சு, ஆனா ஜனனியா வேற பொண்ணு வந்ததுல ஒருத்தங்க பாக்குறதையே விட்டுட்டாங்க, ஒருத்தங்க விழுப்புரத்துக்கு வேலை மாறி போயிட்டாங்க, அந்த முன் சீட்டு அக்கா இப்ப வேற பஸ்ஸு. வாட்ஸ்அப் குரூப்புல குட் மார்னிங் படம் மட்டும் வருது. "சீரியலோட வந்தது சீரியலோட போயிடும்"ங்கிறாரு வீட்டுக்காரரு. எனக்கு மனசு கேக்கல. போன் பண்ணலாமா? பண்ணா என்னத்த பேசுறது?
- வாசகி, கடலூர்

பதில்: பண்ணுங்க தங்கச்சி. இத படிச்சு முடிச்ச கையோட பண்ணுங்க.

கிருமாம்பாக்கத்துல அந்த அக்கா சொன்னத உங்க லெட்டர்ல நான் நாலு தடவை படிச்சேன். பஸ்ஸுக்கு காசு கேட்டு வாங்கிட்டு வர்ற விஷயத்த அவங்க அம்மா வீட்டுல கூட சொல்லியிருப்பாங்களான்னு எனக்கு சந்தேகம். சொன்னா அப்பா வருத்தப்படுவாரு, அண்ணன் சண்டைக்கு கிளம்புவாரு, அப்புறம் அதுவே பெரிய பஞ்சாயத்து. உங்ககிட்ட சொல்ல முடிஞ்சதுக்கு காரணம், ரெண்டு வருஷமா நீங்க நாலு பேரும் குணசேகரன் வீட்டு மருமகளுங்கள பத்தி தினமும் பேசி பேசி ஒருத்தர் மனசு ஒருத்தருக்கு தெரிஞ்சுபோச்சு. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி, நாலு பேரும் படிச்சவங்க, நாலு பேரும் அந்த அடுப்படியில. நந்தினி பண்ணது சரியா தப்பான்னு நீங்க என்ன சொல்றீங்கங்கிறத வச்சே இந்த பொண்ணுகிட்ட நம்ம வீட்டு கதைய சொல்லலாமா கூடாதான்னு அந்த அக்கா முடிவு பண்ணியிருப்பாங்க. இப்படி பழகுன சிநேகிதத்த சீரியல் சிநேகிதம்னு தள்ளி வைக்க எனக்கு மனசு வரல.

குணசேகரனா நடிச்ச மாரிமுத்து சார் 2023 செப்டம்பர் 8-ம் தேதி காலமானாரே, அன்னைக்கும் இதே சீரியலோட டப்பிங்ல இருந்தப்ப தான் அவருக்கு நெஞ்சு வலி வந்துச்சு. நியூஸ் வந்தப்ப நான் மார்க்கெட்ல காய் வாங்கிட்டு இருந்தேன், காய்க்கார அம்மா தராச அப்படியே கீழ வச்சுட்டு "எம்மா நெசமாவா"ன்னு கேட்டாங்க, பக்கத்துல வெண்டைக்கா பொறுக்கிட்டு இருந்த, எனக்கு முன்ன பின்ன தெரியாத ஒரு பொண்ணு என் கைய புடிச்சுகிச்சு. அந்த மனுஷன் சீரியல்ல வில்லன். "ஏய் இந்தாம்மா"ன்னு அவரு அதட்டுறத கேட்டு ஒன்னரை வருஷம் திட்டுனவங்க தான் நாங்க எல்லாம். ஆனா அன்னைக்கு மூணு பேரும் கண்ண தொடச்சுகிட்டு நின்னோம். அப்புறம் வேல ராமமூர்த்தி சார் அந்த வேஷத்த எடுத்துகிட்டாரு, அது வேற கதை. அந்த காய்க்கார அம்மா இன்னைக்கும் என்ன பாத்தா ரெண்டு கருவேப்பிலை கொத்து கூட தான் போடுறாங்க.

என் சொந்த கதை ஒண்ணு சொல்றேன். 2011 டிசம்பர் 30, தானே புயல் நம்ம கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரைய கடந்துச்சு, மறந்திருக்க மாட்டீங்க. நாங்க அப்ப மஞ்சக்குப்பத்துல இருந்தோம். விடிஞ்சு வெளிய வந்து பாத்தா எங்க தெருவுல ஒரு போஸ்ட் கூட நிமிந்து நிக்கல, பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு கிடந்துச்சு. எங்க தெருவுக்கு கரண்ட் வர 16 நாள் ஆச்சு. எனக்கு அப்ப நாதஸ்வரம் சீரியல்னா உயிரு, எனக்கும் என்கூட படிச்ச தோழிக்கும். அவ திருச்சியில. தண்ணி இல்ல, பால் இல்ல, மெழுகுவர்த்தி வாங்க ஒரு மணி நேரம் நிக்கணும், அதுக்கு நடுவுல சீரியல் போச்சேன்னு அழுதா யாராவது அடிப்பாங்க, அதனால நான் யார்கிட்டயும் சொல்லல. மெயின் ரோட்டுல ஒரு கடையில ஜெனரேட்டர் வச்சு போனுக்கு காசு வாங்கிட்டு சார்ஜ் போட்டு குடுப்பாங்க, அந்த சார்ஜ காப்பாத்தி காப்பாத்தி வச்சுகிட்டு தினமும் ராத்திரி 8 மணிக்கு அவளுக்கு ஒரு மிஸ்டு கால் குடுப்பேன். அவ கூப்பிட்டு கதை சொல்லுவா. சொக்கலிங்கம் பேசுறப்ப மௌலி சார் மாதிரியே குரல தணிச்சு, கோபி வர்ற இடத்துல வேகமா, மலர் அழுதா இவளும் மூக்க உறிஞ்சுவா. பத்து நிமிஷம். இருட்டுல கொசுவர்த்தி முனை மட்டும் செவப்பா தெரியும், நான் போன காதுல அழுத்தி வச்சுகிட்டு படுத்திருப்பேன். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ கதை முடிஞ்சதும் போன வைக்காம "தண்ணி வந்துச்சாடி, புள்ளைங்களுக்கு என்ன குடுத்த"ன்னு கேட்டா. அன்னைக்கு தான் நான் அழுதேன், புயல் வந்து அத்தனை நாள்ல அதுக்கு முன்னாடி ஒரு சொட்டு வரல.

அந்த சீரியலோட 1000-வது எபிசோட 2014 மார்ச்ல காரைக்குடியில இருந்து லைவா, ஒரே ஷாட்டுல, 23 நிமிஷத்துக்கு மேல எடுத்து கின்னஸ்ல இடம் புடிச்சாங்க. அத அவ திருச்சியில, நான் கடலூர்ல, போன ஸ்பீக்கர்ல போட்டுட்டு ரெண்டு பேரும் சேர்ந்து தான் பாத்தோம், யாராவது வசனத்த மறந்துடுவாங்களோன்னு எங்களுக்கு தான் படபடப்பு. 2015-ல சீரியல் முடிஞ்சிருச்சு. அவ இன்னைக்கும் ராத்திரி 8 மணிக்கு தான் கூப்பிடுவா.

சரி, உங்க விஷயத்துக்கு வரேன். என்னத்த பேசுறதுன்னு கேக்குறீங்க. "ஏன்கா போனே இல்ல"ன்னு ஆரம்பிக்காதீங்க, அது குத்துற மாதிரி ஆயிடும், அவங்களுக்கும் குற்ற உணர்ச்சி இருக்கும்ல. "அக்கா, சீரியல்ல அப்பத்தாவோட அந்த 40 சதவீத சொத்து பங்கு பிரச்சனை இருந்துச்சே, அதுல எனக்கு ஒரு சந்தேகம்"னு ஆரம்பிங்க. அந்த 40 சதவீதத்த பத்தி பேசாம எதிர்நீச்சல் பாத்தவங்களால போன வைக்க முடியாது. அது முடிஞ்சதும் அந்த பஸ் காசு விஷயம் இப்ப எப்படி இருக்குன்னு நீங்களா கேளுங்க. அந்த கேள்விய அவங்ககிட்ட கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு, வேற யாருக்கும் இருக்கான்னு தெரியல. குரூப்புல கூப்பிடாதீங்க, ஒவ்வொருத்தரா தனித்தனியா கூப்பிடுங்க. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை பாண்டி பீச் ரோட்டுக்கு வாங்க, சாயங்காலம் 6 மணிக்கு மேல வண்டிய விட மாட்டாங்க, கட்டையில உக்காந்து எவ்வளவு நேரம் வேணா பேசலாம். விழுப்புரத்துக்காரங்களுக்கும் பஸ்ஸு கஷ்டமில்ல.

வீட்டுக்காரர் மேல கோவப்பட வேணாம். அவருக்கும் கிரிக்கெட் பாத்து பழகுன ஃபிரண்டு ரெண்டு பேராவது இருப்பாங்க, அவங்க பேர சொல்லி ஞாபகப்படுத்துங்க, புரிஞ்சுக்குவாரு.

கேள்வி: வணக்கம்மா. எனக்கு வயசு 61, முத்தியால்பேட்டை. 1997-ல நாங்க மூணு பேரு ஒரே வீட்டு டிவியில மர்மதேசம், விடாது கருப்பு பாப்போம், அந்த குதிரை சத்தம் கேட்டா தெருவே அடங்கும். இப்ப யூடியூப்ல இருக்குன்னு பையன் காட்டுனான். மூணு பேரும் அவங்கவங்க போன்ல பாத்துக்கலாம்னு ஒருத்தன் சொல்றான். எனக்கு அது சரியா படல.
- வாசகர், புதுச்சேரி

பதில்: எனக்கும் சரியா படலண்ணே. போன்ல பாத்தா ஒரே ராத்திரியில பத்து எபிசோட் ஓடிடும், அப்புறம் பேச என்ன இருக்கு? அன்னைக்கு வாரம் ஒரு தடவை தான வந்துச்சு, மிச்ச ஆறு நாளும் குதிரையில வர்றது யாருன்னு சண்டை போட்டது தான உங்களுக்கு இன்னும் இனிக்குது. அதே மாதிரி வாரத்துக்கு ஒண்ணு, ஒரே வீட்டுல, பெரிய டிவியில போட்டு பாருங்க. நாகா சார் டைரக்‌ஷன்ல சேத்தனும் தேவதர்ஷினியும் எவ்வளவு சின்ன புள்ளைங்களா இருக்காங்கன்னு பாத்தா உங்களுக்கே உங்க வயசு திரும்பும். கதை எழுதுன இந்திரா சௌந்தர்ராஜன் சார் 2024 நவம்பர்ல தவறிட்டாரு, முதல் எபிசோட் போடுறப்ப அவர ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க. வீட்டு பசங்களையும் கூட உக்கார வைங்க, முடிவ மட்டும் யாரும் சொல்லிடாதீங்க.

கேள்வி: அக்கா, நான் காலாப்பட்டுல ஹாஸ்டல். நானும் ரூம்மேட்டும் கொரியன் டிராமா சேர்ந்து தான் பாப்போம். லீவுக்கு ஊருக்கு போனப்ப அவ 16 எபிசோடையும் தனியா பாத்து முடிச்சிட்டு முடிவையும் சொல்லிட்டா. நாலு நாளா பேசல. சின்ன விஷயத்துக்கு இப்படி பண்றேனா?
- மாணவி, புதுச்சேரி

பதில்: சின்ன விஷயம் இல்லம்மா. நீ அவளுக்காக காத்திருந்த, அவ காத்திருக்கல, வலி அங்க தான் இருக்கு. ஆனா அத அவகிட்ட சொன்னியா? டிராமாவ கெடுத்துட்டன்னு தான் சண்டை போட்டிருப்ப. "உன்கூட பாக்கணும்னு வச்சிருந்தேன்டி"ன்னு மட்டும் சொல்லு. அப்புறம் நீ விட்ட எபிசோட்ல இருந்து ரெண்டு பேரும் சேர்ந்தே பாருங்க, அவளுக்கு தெரிஞ்ச கதையா இருந்தாலும் பரவாயில்ல. இந்த தடவை ஹெட்போன ஆளுக்கு ஒரு காதா போட்டுக்காம ஸ்பீக்கர்ல வைங்க, பக்கத்து ரூம் பொண்ணும் வந்து உக்காந்துக்கட்டும்.