பாதியில் நின்ற படம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறுவயதில் என்னைப் பித்துப்பிடிக்க வைத்த நாவல் ஜெர்மன் எழுத்தாளர் மிஹாயெல் எண்டேயின் ‘நெவர்எண்டிங் ஸ்டோரி’. ஒரு புத்தகத்தை வாசித்தபடியே அதன் கற்பனை உலகத்துக்குள் போய்விடும் பாஸ்டியன் என்ற சிறுவனின் கதை. அண்மையில் மகளோடு அதன் திரைப்படத்தைப் பார்த்தேன். குதிரை சேற்றில் மூழ்கும்போது இருவருமே அழுதோம். அந்தச் சூட்டில் நாவலையும் எடுத்தேன். பிற்பாதி எனக்கு நினைவிலேயே இல்லை. நான் நேசித்த பாஸ்டியன் அதில் அகந்தை பிடித்தவனாகி, உயிர் நண்பன் அட்ரேயுவையே வாளால் குத்துகிறான். அத்தோடு மூடி வைத்துவிட்டேன். மறுபடி தொட்டிருக்கவே கூடாதோ?

ச.

அன்புள்ள ச.,

நினைவில்லாமல் போனதில் படத்துக்கும் பங்கு உண்டு. 1979-ல் வந்த நாவலின் முற்பாதியை மட்டும்தான் 1984-ல் வோல்ஃப்காங் பீட்டர்சன் படமாக்கினார். பாஸ்டியன் அந்தக் கற்பனை உலகத்தின் பேரரசிக்குப் பெயர் சூட்டுகிறான், டிராகன் மேலேறித் தன்னை வம்பிழுத்த பையன்களை விரட்டுகிறான், சுபம். எண்டே கொதித்துப்போய் வழக்குப் போட்டார், தோற்றார்.

எழுத்தாளர்களின் இந்த வகைக் கோபத்தை நான் பொதுவாகப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நாவலில் சிங்கத்தலையோடு வரும் டிராகன் படத்தில் ராட்சத நாய்க்குட்டியாகிவிட்டது. இருக்கட்டுமே, குழந்தைகளுக்கு அதைத்தான் பிடித்தது. ஆனால் முடிவு விஷயத்தில் நான் எண்டே கட்சி. நாவலில் அந்த உலகத்தில் ஒவ்வோர் ஆசை நிறைவேறும்போதும் பாஸ்டியனின் நினைவு ஒன்று அழிகிறது. படமோ ஆசைகள் தொடங்கும் இடத்தில் கைதட்டி முடித்துக்கொள்கிறது, கணக்கு வருவதற்குள்.

நீங்கள் அழுத குதிரை படத்தில் வாயில்லா ஜீவன். நாவலில் ஆர்டாக்ஸ் பேசும். அடியெடுத்து வைக்க வைக்க மனம் கனக்கிறது என்று சொல்லும். என் முடிவை நீ பார்க்க வேண்டாம், போய்விடு என்று அட்ரேயுவிடம் கேட்டுக்கொள்ளும். கண்ணுக்குப் படத்தின் காட்சிதான் வலிமையானது, மறுக்கவில்லை. ஆனால் எண்டேயின் குதிரை, தான் சாகும்போதும் எஜமானனின் மனசைப் பார்க்கிறது.

பிற்பாதியில் நான் திரும்பத் திரும்பப் போகும் இடம், மறந்துபோன கனவுகள் படங்களாகப் புதைந்து கிடக்கும் சுரங்கம். தன் பெயரைத் தவிர எல்லாவற்றையும் மறந்துவிட்ட பையன் இருட்டில் நாள்கணக்காகத் தோண்டுகிறான். கடைசியில் ஒரு படம் கிடைக்கிறது: வெள்ளை அங்கி போட்ட ஓர் ஆள், கையில் பிளாஸ்டர் பல் அச்சு, ஆளைச் சுற்றிலும் பனிக்கட்டி. அது பல் செட் செய்யும் அவனுடைய அப்பா. மனைவி இறந்தபின் அப்படியே உறைந்துபோனவர். அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் அந்த மனிதருக்காக ஏங்குகிறான். சிறுவயதில் இந்தப் பக்கங்களை நீங்கள் தாண்டிப் போயிருந்தால் வியப்பில்லை. அப்போது நீங்கள் பாஸ்டியன். இன்று பக்கத்தில் மகள் இருக்கும்போது அந்தப் பனிக்கட்டிக்குள் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

வாள் விஷயத்துக்கு வருகிறேன். வீடு திரும்பும் வழியான ஜீவநீர் ஊற்றின் வாசலில் நீ யார் என்று பாஸ்டியனைக் கேட்கிறார்கள். அதற்குள் சொந்தப் பெயரும் மறந்துவிட்டது. அவனுக்காகப் பதில் சொல்வது குத்துப்பட்ட அட்ரேயுதான். பாஸ்டியன் அந்த உலகத்தில் தொடங்கிவிட்டு முடிக்காமல் போகும் கதைகளையெல்லாம் நான் முடித்துவைக்கிறேன் என்று பொறுப்பும் ஏற்றுக்கொள்கிறான்.

படம் நின்றது போலவே நீங்களும் பாதியில் நின்றுவிட்டீர்கள். மிச்சத்தையும் வாசித்துவிட்டு எழுதுங்கள்.