புலியாகவே இருக்கும் அப்பா

கேள்வி: ஐப்பசி மழையில் மின்சாரம் போனால் மாமியார் உட்பட நாங்கள் ஐவரும் ஆடுபுலி ஆட்டத்தில் உட்காருகிறோம். என் கணவர் எப்போதும் புலி, எப்போதும் வெற்றி. 9 வயது மகள் இப்போது பலகையைக் கண்டாலே எழுந்து போய்விடுகிறாள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில் உங்கள் கணவரை ஆடு மேய்க்க அனுப்புங்கள்! புதிதாக ஆடுபவர்களுக்குப் புலிதான் எளிது. கண்ணில் பட்ட ஆட்டைத் தாண்டி வெட்டினால் போதும். ஆட்டுக்காரர் பாடு அப்படியல்ல. 23 புள்ளிகளில் 15 ஆடுகளையும் இறக்கி முடிக்கும்வரை ஒன்றைக்கூட நகர்த்த முடியாது. அதற்குள் அவசரப்பட்டால் மந்தை காலி.

குன்னூரில் என் பாட்டி சமையலறைத் தரையில் கரித்துண்டால் கோடு போடுவார். புளியங்கொட்டை ஆடு, தோட்டத்தில் பொறுக்கிய 3 தைலமரக் காய்கள் புலி. ஆடுகளைச் சிதறவிடமாட்டார், ஒன்றன் பின் ஒன்றாக அண்டக் கொடுத்து வைப்பார். பின்னால் காலிப் புள்ளி இல்லையென்றால் புலி தாண்ட முடியாதே!

ஒரு வாரம் மகள் புலியாகட்டும். பிறகு அவளும் உங்கள் மாமியாரும் ஆட்டுக் கட்சி. காதோடு காதாகத் திட்டம் போடட்டும். கணவர் வேண்டுமென்றே தோற்கக் கூடாது. நான் ஒருமுறை அப்படித் தோற்றதைக் கண்டுபிடித்து, என் மகன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் பாட்டியோ, மூன்றாவது புலியையும் நகரவிடாமல் அடைத்ததும் அந்தக் காயை எடுத்து ஒருமுறை முகர்ந்துவிட்டு, டீ போட எழுந்துவிடுவார்.