லேப்டாப்ப மூடினாலும் பாட் பதில் சொல்லணும்னா என்ன பண்ணணும்?

மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. உழவர் உற்பத்தியாளர் கம்பெனில கம்ப்யூட்டர் வேலை பாக்கறாராம், விவசாயிங்க விதை இருப்பு விலை கேட்டா பதில் சொல்ற மாதிரி பைத்தான்ல ஒரு டெலிகிராம் பாட் எழுதியிருக்காரு, லேப்டாப்ல ஜோரா ஓடுது, ஆனா கரண்ட் போனா நின்னுடுது, சரின்னு கம்பெனி வெப்சைட்டுக்கு வாங்கின சிபேனல் ஹோஸ்டிங்ல (சிபேனல்னா ஹோஸ்டிங்க பிரவுசர்லேர்ந்தே நிர்வாகம் பண்ற பக்கம்) ஏத்தி டெர்மினல்ல ஓட்டிப் பாத்தா கொஞ்ச நேரத்துல செத்துப்போயிடுது. "குறுவைக்கு விதை கேக்க ஆரம்பிச்சுட்டாங்க அண்ணே, தனி சர்வர் வாங்கணுமா?"ன்னு கேக்கறாரு.

வேண்டாம் தம்பி, இருக்கறதே போதும். கோளாறு சர்வர்ல இல்ல, பாட் டெலிகிராம்கிட்ட மெசேஜ் வாங்கற விதத்துலதான். இப்ப உங்க பாட் "வந்துச்சா, வந்துச்சா"ன்னு டெலிகிராமை கேட்டுக்கிட்டே இருக்கு, இதுக்கு போலிங்னு பேரு. மடை திறந்தாச்சான்னு நிமிஷத்துக்கு ஒருக்கா வாய்க்கா தலைப்புக்கு ஓடிப்போய் பாத்துட்டு வர்ற மாதிரி. உங்களோடது மாதிரி ஷேர்டு ஹோஸ்டிங்ல ஒரே மெஷின்ல பல பேர் கணக்கு இருக்கறதால ஓயாம ஓடிக்கிட்டே இருக்கற ப்ராசஸ கண்டா சர்வரே நிறுத்திடும். அதனால வெப்ஹூக்குக்கு மாறிடுங்க, மெசேஜ் வந்தா டெலிகிராமே உங்க முகவரிய தேடி வந்து குடுத்துட்டுப் போகும், மத்த நேரம் பாட் தூங்கலாம்.

செத்தா மறுபடி எழுப்ப நிமிஷத்துக்கு ஒரு க்ரான் ஜாப் (குறிச்ச நேரத்துக்கு சர்வரே தானா ஓட்டற வேலை) போடுங்கன்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க. ஒரு விதைக்கடைக்கு நான் அப்படித்தான் போட்டுக் குடுத்தேன், பழசு சாகாம இருக்கும்போதே புதுசு கெளம்பி, ஒண்ணோட ஒண்ணு மோதி 409 கான்ஃப்ளிக்ட்னு எரர் கொட்டி, மறுநாள் காலைல கணக்கையே சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க, கடை வெப்சைட்டும் சேந்து படுத்துடுச்சு.

மொதல்ல பாட்டுக்குன்னு ஒரு சப்டொமைன் (உங்க வெப்சைட் பேருக்கு முன்னாடி ஒரு சொல் சேத்த தனி முகவரி) போட்டு, அதுக்கு எஸ்எஸ்எல் சான்றிதழ் ஏறியிருக்கான்னு பாருங்க, எச்டிடிபிஎஸ் இல்லாத முகவரிய டெலிகிராம் ஏத்துக்காது. அடுத்து சிபேனல்ல 'செட்டப் பைத்தான் ஆப்' ஐகான திறங்க. (அந்த ஐகானே உங்க ப்ளான்ல இல்லன்னா மனச விடாதீங்க, பிஎச்பில எழுதிடுங்க, ஒரே ஃபைல்தான், இருப்பும் விலையும் சொல்ற பாட்டுக்கு அது தாராளம்.) அதுல அப்ளிகேஷன் ரூட், அதாவது கோட் இருக்கற ஃபோல்டர், பப்ளிக் எச்டிஎம்எல் ஃபோல்டருக்கு வெளிய இருக்கணும், உள்ள வச்சா கோட் ஃபைல வெளி ஆள் திறந்து பாக்க வழி இருக்கு. பாட்ஃபாதர் (பாட் பதிவு பண்ற டெலிகிராமோட பாட்) குடுத்த டோக்கன, அதாவது உங்க பாட்டோட ரகசிய சாவிய, கோட்ல எழுதாம அதே பக்கத்துல என்விரான்மென்ட் வேரியபிளா போடுங்க. அது யார் கைல கெடச்சாலும் உங்க கம்பெனி பேர்ல விவசாயிங்களுக்கு தப்பான விலை அனுப்பலாம், அப்பறம் அந்த நம்பிக்கைய திரும்ப சம்பாதிக்கறது ரொம்ப கஷ்டம்.

கோட்ல மாத்த வேண்டியது கொஞ்சம்தான். ஃப்ளாஸ்க்ல (பைத்தான்ல வெப் ஆப் எழுதற லைப்ரரி) ஒரு ரூட், அதாவது மெசேஜ் வந்து சேர்ற முகவரி, போட்டு, வர்ற அப்டேட்ட பாட்கிட்ட குடுக்கணும். டெலிபாட் லைப்ரரின்னா 'த்ரெடட்' ஃபால்ஸ்னு வைங்க, இல்லன்னா பதில் போறதுக்குள்ள ப்ராசஸ் தூங்கிடும். சர்வர்ல உங்க ஆப்பை ஓட்டற பாஸஞ்சர்ங்கற மென்பொருள் தேடற பேரு 'அப்ளிகேஷன்' (application), உங்க ஃப்ளாஸ்க் ஆப்பை அந்தப் பேர்லயே குடுங்க. ஒவ்வொரு தடவ கோட் மாத்தினாலும் ரீஸ்டார்ட் பட்டன அமுக்கணும், இல்லன்னா பழைய கோடேதான் ஓடும், மாத்தினது ஏன் வேலை செய்யலன்னு ராத்திரி பூரா தேடுவீங்க.

அப்பறம் டெலிகிராமோட 'செட்வெப்ஹூக்' கட்டளைய கூப்பிட்டு முகவரிய பதிவு பண்ணுங்க, கூடவே 'சீக்ரெட் டோக்கன்'னு நீங்களே ஒரு வார்த்தை குடுங்க, ஒவ்வொரு மெசேஜ் கூடவும் அது ஹெட்டர்ல வரும், வராதத தள்ளிடலாம். லேப்டாப்ல ஓடறத நிறுத்திடுங்க, ரெண்டு வழியும் சேந்து ஓடாது.

பதில் வரலன்னா 'கெட்வெப்ஹூக்இன்ஃபோ'ங்கற கட்டளைதான் உங்க வைத்தியர், அத பிரவுசர்லயே திறந்து பாக்கலாம். அதுல கடைசி எரர் என்னன்னு பச்சையா எழுதியிருக்கும். 404ன்னா முகவரி தப்பு. 403ன்னா பெரும்பாலும் சர்வரோட ஃபயர்வால் தடுக்குது, ஹோஸ்டிங்காரங்களுக்கு டிக்கெட் போட்டு அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விடச் சொல்லுங்க. 500ன்னா உங்க கோட்லதான் ஏதோ உடைஞ்சிருக்கு, லாக்க (எரர் எழுதி வைக்கற ஃபைல) பாருங்க. இங்க ஒரு விஷயம் முக்கியம், நீங்க 200ன்னு, அதாவது 'சரி, கெடச்சுடுச்சு'ன்னு, பதில் குடுக்கற வரைக்கும் டெலிகிராம் அதே மெசேஜ திரும்பத் திரும்ப அனுப்பும். ஒருத்தர் "ஆடுதுறை 43 நெல்லு இருக்கா"ன்னு ஒரு தடவ கேட்டதுக்கு அஞ்சு தடவ பதில் போச்சுன்னா காரணம் இதான், பதில அனுப்பின பிற்பாடு கோட் எங்கயோ உடைஞ்சு 500 போயிருக்கும். அதனால எரர பிடிச்சு லாக்ல எழுதிட்டு 200 குடுத்துடுங்க. சர்வர் கொஞ்ச நேரம் படுத்தாலும் பயப்படாதீங்க, வாங்காத மெசேஜ டெலிகிராம் 24 மணி நேரம் வரை வச்சிருக்கும்.

தினம் காலைல 6 மணிக்கு மேட்டூர் நீர்மட்டமும் விதை விலையும் அனுப்பணும்னு எழுதியிருந்தீங்க. அதுக்கு க்ரான் ஜாப் சரியான கருவி, ஒரு தடவ ஓடி முடிஞ்சுடும் பாருங்க. சர்வர் கடிகாரம் யூடிசில (உலகப் பொது நேரத்துல) இருந்தா நம்ம நேரத்துக்கு 5:30 மணி பின்னாடி, அப்ப மணி 0, நிமிஷம் 30ன்னு போடணும். எல்லாருக்கும் ஒரே மூச்சுல அனுப்பாதீங்க, நொடிக்கு 30க்கு மேல போனா டெலிகிராம் தடுக்கும், நடுவுல சின்ன இடைவெளி விடுங்க. பாட்ட திறந்து ஸ்டார்ட் அமுக்காதவங்களுக்கு பாட் தானா மெசேஜ் அனுப்பவும் முடியாது, அதனால விதை வாங்க வர்றவங்ககிட்ட கவுன்ட்டர்லயே ஃபோன வாங்கி அமுக்கிக் குடுத்துடுங்க.

இவ்வளவும் செஞ்சும் ஓடலன்னா 'கெட்வெப்ஹூக்இன்ஃபோ' காட்டறத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க, மேல அட்ரஸ் பார்ல உங்க டோக்கன் தெரியும், அத மறைச்சுட்டு அனுப்புங்க. மறந்துபோய் அனுப்பிட்டா உடனே பாட்ஃபாதர்ல ரிவோக் குடுத்து புது டோக்கன் வாங்கிடுங்க தம்பி.