பல் இன்சூரன்ஸ் இருக்கிறது, டென்டிஸ்ட் ஸ்பெஷலிஸ்ட்டிடம் போகச் சொல்கிறார். அந்தச் செலவை இன்சூரன்ஸ் ஏற்குமா?

கம்பெனி கொடுத்த பி.பி.ஓ. திட்டம் (இன்சூரன்ஸின் பட்டியலில் இல்லாத மருத்துவரிடமும் போகலாம், செலவு கூடும்), கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால், வழக்கமான டென்டிஸ்ட் எண்டோடான்டிஸ்ட்டிடம் (ரூட் கெனால் ஸ்பெஷலிஸ்ட்) போகச் சொல்லிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நியூ ஜெர்சியில் ஒரு பல் கிளினிக்கில் இன்சூரன்ஸ் கணக்குப் பார்ப்பதுதான் என் வேலை. இதே கேள்வியோடு வருகிறவர்களில் நம்ம ஊர்க்காரர்கள் நிறையப் பேர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இன்சூரன்ஸுக்கு போன் செய்து "ஸ்பெஷலிஸ்ட்டுக்குக் கவரேஜ் உண்டா?" என்று கேட்டால் "உண்டு" என்பார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பெரும்பாலான பி.பி.ஓ. திட்டங்களில் சதவீதத்தை முடிவு செய்வது சிகிச்சைதான், அதைச் செய்கிறவரின் பட்டம் அல்ல. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு கோட் இருக்கிறது. கடைவாய்ப் பல் ரூட் கெனாலுக்கு டி3330. அதை உங்கள் டென்டிஸ்ட் செய்தாலும் எண்டோடான்டிஸ்ட் செய்தாலும் கோட் ஒன்றுதான். மாறுவது கட்டணமும், அவர் உங்கள் நெட்வொர்க்கில், அதாவது இன்சூரன்ஸோடு கட்டண ஒப்பந்தம் போட்ட மருத்துவர்கள் பட்டியலில், இருக்கிறாரா என்பதும்.

அந்தக் கோட் உங்கள் திட்டத்தில் எந்த வகையில் வருகிறது என்பதுதான் முதல் விஷயம். வழக்கமான அமைப்பு 100-80-50. சுத்தம் செய்வது, பரிசோதனை, எக்ஸ்ரே ஆகியவற்றுக்கு 100 சதவீதம். ஃபில்லிங் போன்ற 'பேசிக்' வேலைக்கு 80. கிரவுன் (பல்லின் மேல் மாட்டும் உறை), பிரிட்ஜ் போன்ற 'மேஜர்' வேலைக்கு 50. ரூட் கெனாலைச் சில திட்டங்கள் பேசிக்கில் வைக்கும், சில மேஜரில் தள்ளிவிடும். ஈறு சிகிச்சைக்கும் இதே கதைதான். மேஜர் என்றால் சேர்ந்து 6 மாதமோ 12 மாதமோ காத்திருக்க வேண்டும் என்ற விதியும் சில திட்டங்களில் உண்டு. இதெல்லாம் திட்டக் கையேட்டில் இருக்கும், ஆனால் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான். எண்டோடான்டிஸ்ட்டின் கட்டணம் 1,500 டாலர், இன்சூரன்ஸ் ஒப்புக்கொள்ளும் கட்டணம் 1,000, டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை) 50. பேசிக் என்றால் மீதி 950-இல் 80 சதவீதம், அதாவது 760 டாலரை இன்சூரன்ஸ் கொடுக்கும். அவர் நெட்வொர்க்கில் இருந்தால் உங்கள் பங்கு 240. ஒப்பந்தப்படி அந்த 500 டாலர் வித்தியாசத்தை அவர் உங்களிடம் கேட்க முடியாது. நெட்வொர்க்கில் இல்லையென்றால் கேட்கலாம், அப்போது உங்கள் பங்கு 740. இதே வேலை மேஜரில் வந்தால் இன்சூரன்ஸ் கொடுப்பது 475 மட்டும். பல், மருத்துவர், சிகிச்சை எல்லாம் அதேதான். நெட்வொர்க்கில் இருந்தாலும் உங்கள் பங்கு மட்டும் 240-இலிருந்து 525 ஆகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் டென்டிஸ்ட் நெட்வொர்க்கில் இருக்கிறார் என்பதால் அவர் கைகாட்டுகிற ஸ்பெஷலிஸ்ட்டும் இருப்பார் என்று நினைக்காதீர்கள். ஒரே கட்டடத்தில், ஒரே பலகையின் கீழ் மாதத்தில் சில நாள் வந்துபோகும் ஸ்பெஷலிஸ்ட் கூட நெட்வொர்க்குக்கு வெளியே இருக்கலாம். "உங்கள் இன்சூரன்ஸை ஏற்கிறோம்" என்று ரிசப்ஷனில் சொல்வதற்கும் நெட்வொர்க்கில் இருப்பதற்கும் சம்பந்தமில்லை. மருத்துவரின் பெயரையும் எந்த முகவரியில் பார்க்கப் போகிறீர்கள் என்பதையும் இன்சூரன்ஸிடம் சொல்லி உறுதி செய்யுங்கள். ஆஸ்பத்திரி பில்லுக்கு 2022 முதல் இருக்கும் 'நோ சர்ப்ரைஸஸ்' சட்டப் பாதுகாப்பு (நெட்வொர்க்குக்கு வெளியே இருப்பவரின் எதிர்பாராத பில்லுக்கு எதிரானது) தனிப் பல் இன்சூரன்ஸுக்குக் கிடையாது.

அடுத்தது ஆண்டு வரம்பு. பல திட்டங்களில் வருடத்துக்கு 1,000 முதல் 2,000 டாலர்தான், அதற்கு மேல் எல்லாம் உங்கள் கைக்காசு. ரூட் கெனாலோடு வேலை முடியாது, கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் கிரவுன் போட வேண்டும். வரம்பு 1,500, பரிசோதனை, சுத்தம் என்று ஏற்கெனவே 300 போய்விட்டது, ரூட் கெனாலுக்கு 760. மிச்சம் 440. கிரவுன் 1,100 டாலர், பாதி 550 வர வேண்டும், ஆனால் 440-தான் வரும். வருடக் கடைசியாக இருந்தால் கிரவுனை ஜனவரிக்குத் தள்ளலாமா என்று டென்டிஸ்ட்டிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் தள்ளாதீர்கள். கிரவுன் இல்லாத கடைவாய்ப் பல் பிளந்துபோனால் ரூட் கெனாலுக்குக் கொடுத்த காசும் சேர்ந்து போய்விடும்.

ஸ்பெஷலிஸ்ட் முதல் நாள் பார்க்கிற பரிசோதனையையும் விசாரியுங்கள். வருடத்துக்கு இரண்டு பரிசோதனைதான் என்ற கணக்கில் இதையும் சேர்த்துவிடும் திட்டங்கள் உண்டு. முப்பரிமாண ஸ்கேன் எடுத்தால் அதற்குப் பல திட்டங்கள் பணம் தருவதில்லை.

டி.எச்.எம்.ஓ. (நெட்வொர்க்குக்குள் மட்டுமே, ஒரு டென்டிஸ்ட்டிடம் பதிவு செய்து பார்த்துக்கொள்ளும் திட்டம்) வைத்திருப்பவர்களுக்கு விதி வேறு. அங்கே பொதுவாகப் பதிவு செய்த டென்டிஸ்ட்டின் ரெஃபரல் கையில் இல்லாமல் ஸ்பெஷலிஸ்ட்டிடம் போனால் ஒரு பைசா வராது. ஞானப்பல் எலும்புக்குள் புதைந்திருந்தால் மெடிக்கல் இன்சூரன்ஸையும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள், சில திட்டங்கள் கொடுக்கின்றன. பிரேஸஸுக்குத் தனியாக ஆயுள்கால வரம்பு இருக்கும்.

சரி, நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: எண்டோடான்டிஸ்ட் கிளினிக்கில் கோட்களை எழுதி வாங்குங்கள். அவற்றை வைத்து இன்சூரன்ஸிடம் சதவீதம், டிடக்டிபிள், மிச்ச வரம்பு, காத்திருப்புக் காலம் நான்கையும் கேளுங்கள். பேசியவர் பெயரையும் அழைப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அவசரம் இல்லையென்றால் 'ப்ரீ-டிடர்மினேஷன்' அனுப்பச் சொல்லலாம். எழுத்தில் ஒரு மதிப்பீடு வரும், அது உத்தரவாதம் அல்ல என்றாலும் கையில் இருப்பது நல்லது. வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் அந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே போய்க் காட்டுங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் நேரே எமர்ஜென்சிக்கு.

சிகிச்சை முடிந்த பிறகு இன்சூரன்ஸ் மறுத்தாலும் விட்டுவிடாதீர்கள். கம்பெனி வழித் திட்டங்களில் பொதுவாக மேல்முறையீட்டுக்கு 180 நாள் இருக்கும். எக்ஸ்ரேயும் ஏன் இந்தச் சிகிச்சை தேவைப்பட்டது என்ற மருத்துவரின் குறிப்பும் இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். எக்ஸ்ரே இல்லாமல் போனதால் மட்டுமே திரும்பி வந்த கிளெய்ம்கள் இரண்டாம் முறை பாஸாவதை நான் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன்.