ரத்த ஓட்டம் திரும்பிய பிறகு கல்லீரல் ஏன் புண்படுகிறது?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருந்ததால், போன வாரம் கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். ரத்தம் அதிகம் போகாமல் இருக்க, கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தை மூன்று முறை விட்டு விட்டு நிறுத்தியதாக டாக்டர் சொன்னார். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்களான எஸ்.ஜி.ஓ.டி. 950, எஸ்.ஜி.பி.டி. 880. மூன்றாம் நாள் 190, 410. பிலிருபின் (மஞ்சள் நிறமி) 1.6, ஐ.என்.ஆர். (ரத்தம் உறைவதைப் பார்க்கும் அளவு) 1.3. ரத்தத்தைத்தான் திரும்ப விட்டுவிட்டார்களே, பிறகும் ஏன் இவ்வளவு ஏறியது? எதிர்ப்பு சக்தி கூடினால் சரியாகிவிடும் என்று உறவினர் ஒருவர் சீந்தில் கஷாயம் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: சகோதரி, கஷாயம் வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டைப் பார்த்தால் உங்கள் கணவர் தேறி வருவதுதான் தெரிகிறது.

கல்லீரலுக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் போகிறது. அப்படியே வெட்டினால் தாங்காது. அதனால் கல்லீரலுக்குள் நுழையும் ரத்தக்குழாய்களைச் சுற்றி ஒரு நாடாவைப் போட்டு இறுக்குவார்கள். 1908-ல் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் எழுதிவைத்த முறை இது. பெரும்பாலும் 15 நிமிடம் இறுக்கம், 5 நிமிடம் ஓய்வு. ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து, "பத்து நிமிஷம் ஆச்சு சார்" என்று குரல் கொடுப்பார். செம்பழுப்பாக இருந்த கல்லீரல் அதற்குள் நீலம் பாரித்துக் கறுத்திருக்கும். நாடாவைத் தளர்த்தியதும் நிறம் திரும்பும், எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் அல்ல, திட்டுத்திட்டாக.

உங்கள் கேள்விக்கான விடை அந்த நிமிடத்தில்தான் தொடங்குகிறது. ரத்தம் இல்லாதபோது செல்களின் எரிசக்தி தீர்ந்துபோகிறது. செல்லுக்குள் எரிசக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற பொருள் தேங்குகிறது. ஆக்சிஜன் திடீரென்று திரும்பும்போது இந்தத் தேக்கம் மளமளவென்று எரிந்து, செல்லையே அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கக்குகிறது. சில செல்கள் உடைந்து, உள்ளே இருக்க வேண்டிய பொருள்கள் வெளியே கசிகின்றன. எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் இப்படிக் கசிபவைதான். இன்னொன்று ஹெச்.எம்.ஜி.பி.1 என்ற புரதம்.

கல்லீரலின் நுண்குழாய்களில் குப்ஃபர் செல்கள் என்ற காவலாளிகள் உண்டு. குடலிலிருந்து வரும் கிருமிகளைப் பிடிப்பது அவர்கள் வேலை. கிருமியைக் கண்டுகொள்ள டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பி அவர்களிடம் இருக்கிறது. கசிந்த புரதமும் அதே ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே ஒரு கிருமிகூட இல்லை, ஆனாலும் அபாயச் சங்கு ஊதிவிடுகிறது! டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1 போன்ற சைட்டோகைன்கள், அதாவது அழற்சியைத் தூண்டும் தூதுப் புரதங்கள், சுரக்கின்றன. ரத்தக்குழாயின் உட்சுவர் பிசுபிசுப்பாகி, ஓடிவரும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் அதில் ஒட்டி, வழியை அடைத்து, நல்ல செல்களையும் தாக்குகின்றன. இந்த இரண்டாவது அலை ரத்தம் திரும்பிச் சுமார் 6 மணி நேரத்துக்குப் பிறகு வலுக்கிறது. மறுநாள் காலை லேப் ரிப்போர்ட்டில் எண்கள் உச்சத்தில் இருந்ததற்கு இதுவும் காரணம்.

2005-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள், எலிகளில் ஹெச்.எம்.ஜி.பி.1-ஐ எதிர்ப்புரதம் கொடுத்து முடக்கியபோது கல்லீரல் சேதம் குறைந்ததைக் காட்டினார்கள். அப்படியானால் எதிர்ப்புச் சக்தியை மொத்தமாக அடக்கிவிடலாமே என்று தோன்றும். முடியாது. வெட்டிய கல்லீரல் மறுபடி வளர, அதே குப்ஃபர் செல்கள் சுரக்கும் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 வேண்டும். அடக்கினாலும் ஆபத்து, தூண்டினாலும் ஆபத்து. இடையிடையே 5 நிமிடம் ஓய்வு கொடுப்பதற்குக் காரணம், பாதிப்பு கல்லீரல் தாங்கும் அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான்.

இதனால்தான் கஷாயம் வேண்டாம் என்றேன். இப்போது அவருடைய எதிர்ப்பு மண்டலம் குறைவாக வேலை செய்யவில்லை, தேவைக்கு மேல் செய்கிறது. அதோடு, கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டவர்களுக்கு ஏற்பட்ட கல்லீரல் அழற்சியை 2021-ல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உடம்பின் எதிர்ப்பு மண்டலமே கல்லீரலைத் தாக்கும் வகை அழற்சி அது. உங்கள் உறவினர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனாலும் மிச்சமுள்ள கல்லீரல் புண்ணாகி இருக்கும்போது அந்தச் சோதனை வேண்டாம்.

எண்களுக்கு வருகிறேன். எஸ்.ஜி.ஓ.டி. ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும், எஸ்.ஜி.பி.டி.க்கு ஏறக்குறைய இரண்டு நாள். உங்கள் கணவருக்கு முதலாவது வேகமாகவும் இரண்டாவது மெதுவாகவும் இறங்கியிருக்கிறது. புதிதாகப் பெரிய சேதம் நடக்கவில்லை, கசிந்ததுதான் வடிகிறது என்று அர்த்தம். இனி இந்த இரண்டைவிட பிலிருபினையும் ஐ.என்.ஆரையும் கவனியுங்கள்; மிச்சக் கல்லீரல் வேலை செய்கிறதா என்று சொல்வது அவைதான். ஐந்தாம் நாள் பார்த்த அளவுகளைச் சர்ஜனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கண் மஞ்சளிப்பது, பேச்சில் குழப்பம், பகலில் தூக்கம் இரவில் விழிப்பு, வயிறு உப்புவது, சிறுநீர் குறைவது, காய்ச்சல் – இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே அழைத்துப் போங்கள். வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால்கூட எத்தனை மில்லிகிராம் என்று அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.