பீஜிக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற 'சிரியா' கப்பல் எப்படி அழிந்தது? அதில் தமிழர்கள் இருந்தார்களா?

நீங்கள் கேட்கும் சிரியா, 1868இல் கட்டப்பட்டு, நோர்ஸ் என்ற கப்பல் நிறுவனத்துக்காக ஓடிய இரும்புப் பாய்மரக் கப்பல். 1884 மார்ச் 13 அன்று 497 ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட அது, சுமார் இரண்டு மாதங்களில் பீஜியை நெருங்கிவிட்டது. நீராவிக் கப்பலைவிடச் செலவு குறைவு என்பதால் பாய்மரங்களையே நம்பியிருந்த அக்காலத்தில் இது நல்ல வேகம்தான்.

கரை கண்ணுக்கெட்டும் தொலைவில் இருந்தபோதுதான் பேரிடர் நேர்ந்தது. மே 11 இரவு, கப்பலின் இருப்பிடத்தைத் தவறாகக் கணித்ததால், அது ரேவா ஆற்று முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள நசிலாய் பவளத்திட்டில் மோதி நின்றது. அலைகள் கப்பலை உடைத்துக்கொண்டிருக்க, பெண்களும் குழந்தைகளும் உட்பட அனைவரும் இரவு முழுவதும் உதவியின்றித் தவித்தனர். செய்தி எட்டியபின் மறுநாள் பீஜியின் தலைமை மருத்துவ அதிகாரி டாக்டர் வில்லியம் மெக்ரிகர் தலைமையில் நடந்த மீட்புப் பணியால் பெரும்பாலோர் உயிர் பிழைத்தனர். ஆயினும் பயணிகளில் 56 பேரும், லஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகளில் மூவரும் இறந்தனர். மெக்ரிகருக்குப் பின்னர், உயிர்காக்கும் துணிவுக்கான பிரிட்டிஷ் விருதான ஆல்பர்ட் பதக்கம் வழங்கப்பட்டது.

இதில் தமிழர்கள் இருந்தார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். கல்கத்தாவில் ஏறியவர்கள் பெரும்பாலும் வட இந்தியர்களே. சென்னைத் துறைமுகத்திலிருந்து பீஜிக்கு ஆட்களை அனுப்புவது 1903இல்தான் தொடங்கியது.